கூடம் கோணல்தான்

அத்தியாயம் ஒன்பது

கம்ப்யூட்டர் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டு, "இனிமே இதைத் தொடமாட்டேன்" என்று டிரைவர் எழுந்து போனார் அல்லவா? அந்த விரிப்பு இன்னும் அப்படியே இருந்தது. ஓரத்தை மட்டும் அம்மா, டிரைவரின் மனைவி, இழுத்துச் சரிசெய்திருந்தாள். சுருக்கம் இருந்தால் அவளுக்குப் பிடிக்காது.

டிரைவர் என்றால் ரயில் இஞ்சின் டிரைவர். ஓய்வுபெற்ற மறுவருடம் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் திரும்பிவிட்டது. இடது கை மட்டும் பாதி வழியில் நின்றுகொண்டது. "வேலை குடுத்துக்கிட்டே இருந்தா இந்தக் கை வரும். சும்மா விட்டா இறுகிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி அவருக்கு அலுத்துப்போனது.

மகள்தான் தன் கல்லூரிக் காலத்துக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, ரயில் ஓட்டும் விளையாட்டை அதில் ஏற்றிக் கொடுத்தாள். பிரேக் லீவரை வேண்டுமென்றே இடது பக்கம் வைத்தாள். அன்றிலிருந்து டிரைவர் காலையில் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டுக்கொண்டு 'டியூட்டி'க்கு உட்கார்ந்தார். கை மெல்ல மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

பிறகு எல்லாம் சறுக்கியது. ஸ்டேஷனில் நிற்க வேண்டிய வண்டி, எங்கே நிற்பது என்று காட்டும் பலகையைத் தாண்டித் தாண்டிப் போனது. மகளுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அங்கேயே கூட்டிப்போய்ப் பார்த்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. "அப்போ கோளாறு வேற எங்கயோ" என்றார் டிரைவர். அன்று மாலை விரிப்பு விழுந்தது. ரப்பர் பந்தும் அலமாரிக்குள் போனது.

இன்று மகளுக்கு வார விடுமுறை. கணவனோடு அவனுடைய வேனில் வந்திருந்தாள். அவன் ஏ.சி. மெக்கானிக். வேனுக்குள் எப்போதும் ஏணியும் கேஸ் உருளையும் இருக்கும். இன்று அவற்றை இறக்கி வைத்துவிட்டு, காலி வேனோடு வந்திருந்தான். கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போகும்படி டிரைவர் உத்தரவு.

"வாங்க மாப்பிள்ளை. டீ குடிச்சிட்டு முதல் வேலையா அதைத் தூக்கிடுங்க" என்றார் டிரைவர், பால்கனியிலிருந்து திரும்பாமலே. இடது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறை போல.

"தூக்கிடலாம் மாமா" என்றான் மாப்பிள்ளை. மனைவியைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு விரிப்பை விலக்கினாள்.

"அதுல என் பழைய போட்டோ எல்லாம் இருக்கு. எடுத்துக்கறேன், அப்புறம் தூக்கலாம்."

அது சாக்கு. போட்டோக்களை அவள் என்றோ எடுத்துவிட்டாள். அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்தவள், விளையாட்டைத் திறந்தாள். கடைசியாக ஒரு ஓட்டம்.

அம்மா வழக்கம்போல் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். டிரைவர் ஓட்டும்போதெல்லாம் அவள்தான் பயணி. மடியில் முறத்தையோ தையலையோ வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேரும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

முதல் நிறுத்தம் வயல் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். ஒரு கூரை, ஒரு பெஞ்சு. மகள் பலகைக்கு நேராக நிறுத்தினாள்.

"பரவாயில்லையே!" என்றாள் அம்மா.

"நான் டிரைவர் பொண்ணும்மா."

அடுத்தது பெரிய ஜங்ஷன். மழை. பளபளவென்று நனைந்த பிளாட்பாரம், அதில் நூறு பேர். மகள் பிரேக்கைப் பிடித்தாள். திரை உறைந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு படம் ஒரே தாவலாகத் தாவி, பலகை பின்னால் போய்விட்டிருந்தது.

"அப்படியே உங்கப்பா மாதிரி!" என்றாள் அம்மா.

மகள் கையை எடுக்கவில்லை. "அம்மா, அப்பா எந்த ஸ்டேஷன்ல தாண்டிப் போவாரு? எல்லாத்துலயுமா?"

அம்மா யோசித்தாள். "இல்லையே. சின்ன சின்ன ஸ்டேஷன்ல ஆணி அடிச்ச மாதிரி நிறுத்துவாரு. பெரிய ஸ்டேஷன்லதான் தாண்டிடும். கூட்டத்தைப் பார்த்தா படபடப்பாகுதுன்னு சொன்னாரு."

"படம் நின்னு நின்னு வர்றதை நீ பார்க்கலையா?"

"நான் எங்கடி படத்தைப் பார்த்தேன்? அவர் கையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

மகள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் டீ டம்ளரோடு அப்படியே நின்றான்.

இந்த இடத்தில் கதையை ஒரு நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால்தான் மகள் ஏன் அப்படித் திரும்பிப் பார்த்தாள் என்று புரியும்.

பள்ளிக்கூடத்தில் நோட்டின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பொம்மை வரைந்து, சரசரவென்று புரட்டி ஓடவிட்டிருப்பீர்கள். திரையில் ஓடும் ரயிலும் அதேதான். எல்லாம் அசையாத படங்கள். வேகமாகப் புரட்டினால் ஓடுவதுபோல் தெரியும். ஒரு வித்தியாசம், இந்த நோட்டில் பக்கங்கள் முன்கூட்டியே வரையப்படவில்லை. நீங்கள் லீவரை அசைக்க அசைக்க, ஒவ்வொரு பக்கத்தையும் அந்த நொடியில்தான் வரைந்தாக வேண்டும். வண்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் என்று கணக்குப் போடுவது பெட்டியின் மூளையான பிராசஸர். வரைந்து வண்ணம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு கட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் வண்ணம் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலும் ஒரு கூரையும் என்றால் சட்டென்று முடித்துவிடுவார்கள். நூறு ஆள், நூறு குடை, ஈரத் தரையில் அத்தனை நிழல் என்றால்? பிள்ளைகள் குறைவாக உள்ள பழைய கார்டு திணறும். பக்கம் வராது. ஆனால் வண்டியின் கணக்கு நிற்காது. அது ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த பக்கம் வந்து சேரும்போது பலகை போயே போயிருக்கும்.

அந்தப் பெரிய ஜங்ஷன்கள் உள்ள புதிய பதிப்பை, அப்பா சந்தோஷப்படுவாரே என்று ஏற்றிக் கொடுத்தது மகளேதான். சறுக்கல் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

அவள் பால்கனிக்கு ஓடினாள். "அப்பா! உங்க மேல தப்பே இல்லப்பா. கம்ப்யூட்டர்லதான் கோளாறு. அதோட கார்டு பழசு. பெரிய ஸ்டேஷனை அதால வரைய முடியல. வந்து பாருங்களேன்!"

டிரைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"அப்பா!"

"கேளு கண்ணு. என் சர்வீஸ்ல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். தாண்டிப் போயிட்டு, 'சார், பிரேக் பிடிக்கல', 'சார், தண்டவாளம் ஈரம்'னு சொல்றவன். வண்டியைக் குறை சொல்ற டிரைவரை நான் மதிச்சதே இல்ல. இப்ப நானே சொல்லணுமா?" குரல் தணிந்தது. "நீ ஆறுதலுக்குச் சொல்றே. தெரியுது. வேணாம்மா."

ஆறுதல் என்று ஒருமுறை முத்திரை குத்திவிட்டால், பிறகு என்ன சொன்னாலும் அது ஆறுதல்தான். மகளுக்கு அது தெரியும். கடையில் எத்தனை பேர் "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றால் நம்பாமல் போகிறார்கள்! அவர்களை எழுத்தைப் படிக்க வைத்தால்தான் நம்புவார்கள்.

அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டியூட்டில பிரேக் பார்க்காம வண்டியை எடுத்துட்டுப் போவீங்களா?"

"எவன் போவான்? கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு தடவை பிடிச்சுப் பார்த்துடுவோம். பிடிக்குதா, எவ்வளவு பிடிக்குதுன்னு கைக்குத் தெரியணும்."

"அப்படிப் பார்த்தப்போ சரியில்லன்னா?"

"வண்டியை ஓரங்கட்டிட்டு எழுதிக் குடுத்துடுவேன். அது குறை சொல்றது இல்ல. அது சோதனை."

"இந்த வண்டிக்கு யாருமே சோதனை பண்ணலையேப்பா."

டிரைவர் வலது கையால் இடது கையை எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் வரைக்கும்" என்றார் கடைசியில். "அப்புறம் மாப்பிள்ளை வேன்ல ஏறிடணும், அது."

மாப்பிள்ளை அதற்குள் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டிருந்தான். உள்ளே தூசி, பஞ்சு மெத்தை போல்.

"என்ன இது! இந்த மாதிரி ஒரு ஏ.சி. இருந்தா வாடிக்கையாளரைத் திட்டியிருப்பேன்."

"நாம யாரைத் திட்டறது?" என்றாள் மகள்.

"உன்னைத்தான். உன் கம்ப்யூட்டர்."

தூசியை ஊதித் தள்ளியதும் பழைய கார்டு தெரிந்தது. உள்ளங்கை அகலம், ஒரே ஒரு குட்டி விசிறி. மாப்பிள்ளை டேப்பை எடுத்தான். கார்டு செருகும் இடத்திலிருந்து எதிரே உள்ள ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை அளந்தான். பவர் சப்ளைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படமெடுத்தான். நானூறு வாட் என்றிருந்தது. அதிலிருந்து கிளம்பும் ஒயர்க் கற்றையில் ஆறு துளை கொண்ட ஒரு முனை, எதிலும் மாட்டப்படாமல், கட்டுப்போட்டுச் சும்மா கிடந்தது. அதையும் படமெடுத்தான். திரையின் ஒயரைப் பெட்டியின் பின்னாலிருந்து திருகிக் கழற்றியதும் அவன்தான். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"வாங்கறதுதான் வாங்கறோம், பெருசா வாங்கிடுவோம்" என்றான், வேனைக் கிளப்பும்போது. "மாமாவுக்கு நான் இதுவரைக்கும் ஒண்ணுமே செஞ்சதில்ல."

அதுதான் விஷயம். இன்றைய உத்தரவை விட்டால், கல்யாணம் ஆனதிலிருந்து மாமனாருக்கும் அவனுக்கும் நடுவில் "வாங்க", "சாப்பிட்டீங்களா", "வர்றேன்" தவிர நாலாவது வார்த்தை கிடையாது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இருவருமே வாய் திறக்க நேரம் எடுத்துக்கொள்கிறவர்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. விடுமுறை நாள் என்பதால் பாதிக் கதவுகள் மூடியிருந்தன. திறந்திருந்த ஒரு கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெண் பழைய விசிறி ஒன்றை பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை நேராகக் கண்ணாடி அலமாரியில் இருந்த மிகப் பெரிய பெட்டியைக் காட்டினான். "அது."

"எந்த மெஷினுக்கு?"

மகள் போனில் படங்களைக் காட்டினாள். கடைக்காரி ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தாள். பிறகு பெரிய பெட்டியைத் திறந்து, கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள். மூன்று விசிறி. ஒரு சின்னக் குழந்தையைப் படுக்க வைத்தது போல் இருந்தது.

"அளந்துக்கோங்க."

மாப்பிள்ளை டேப்பை வைத்தான். வீட்டில் எடுத்த அளவோடு பார்த்தால், கார்டின் வால் ஹார்ட் டிஸ்க் கூண்டையும் தாண்டிப் போகும்.

"கூண்டைக் கழட்டிடலாமே?"

"கழட்டலாம். உங்க பவர் சப்ளையும் மாத்தணும், நானூறு பத்தாது. அதுவும் மாத்தினாலும் உங்க பிராசஸர் பழசு. அது கணக்குப் போட்டுக் குடுத்தாத்தானே இது வரைய முடியும்? முக்கால்வாசி நேரம் இது கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்."

மாப்பிள்ளையின் முகம் வாடியது. மகள் அவன் முழங்கையைத் தொட்டாள்.

"ஒரு டன் ஏ.சி. போதும்கிற ரூமுக்கு ரெண்டு டன் கேட்டு வர்றவங்ககிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க?"

"பணத்தைப் போட்டு ஜலதோஷம் வாங்காதீங்கன்னு சொல்லுவேன்."

"இப்ப உங்ககிட்ட யாரு சொல்றது?"

"அதான் நீ இருக்கியே" என்று முணுமுணுத்துவிட்டு அவனே சிரித்தான்.

கடைக்காரி இன்னொன்றைக் காட்டினாள். குட்டியானது. இப்போதுதான் வெளிவந்தது, விலையும் மலிவு. மகளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கடைக்காரியே தலையை ஆட்டினாள்.

"புது மெஷினா இருந்தா இதையே குடுத்திருப்பேன். கார்டுக்கும் அதைச் செருகற போர்டுக்கும் நடுவுல தகவல் போய்வரத் தடம் இருக்கு, பதினாறு தடம். இது மலிவுக் கார்டு, அதுல பாதியைத்தான் உபயோகிக்கும். புது போர்டுல ஒவ்வொரு தடமும் வேகம், அதனால பாதியே போதும். உங்க பழைய போர்டுல தடமே மெதுவு, அதுலயும் பாதிதான்னா அங்கங்க இடிச்சுக்கிட்டு நிக்கும்."

"சிக்னல் கிடைக்காத வண்டி மாதிரி" என்றாள் மகள்.

"வீட்ல யாராவது ரயில்வேயா?"

"அப்பா."

கடைசியில் உள்ளறையிலிருந்து வந்தது மூன்றாவது. போன தலைமுறைக்கு முந்தியது, பெட்டி பிரிக்காதது, இரண்டு விசிறி. பதினாறு தடத்தையும் பயன்படுத்தும். நானூறு வாட்டுக்குள் அடங்கும். கட்டுப்போட்டுச் சும்மா கிடந்ததே ஆறு துளை முனை, அது இதற்குத்தான். நீளம் அளந்தார்கள், கூண்டுக்கு முன்னால் இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் எல்லாம் பொருந்தியது.

"மானிட்டருக்கு எந்த ஒயர் போகுது?" என்று கேட்டாள் கடைக்காரி, பில் போடும்போது.

"ஒயரெல்லாம் கம்ப்யூட்டரோடவே வந்தது. நல்லா இருக்கு" என்றான் மாப்பிள்ளை.

அவர்கள் வேனில் ஏறும்போது பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அன்றைய கடை அவ்வளவுதான்.

வீட்டில் வேலை மளமளவென்று நடந்தது. பழைய கார்டு வெளியே வந்தது, புதியது 'டக்' என்று உட்கார்ந்தது, ஆறு துளை முனை ஏறியது, திருகு இறுகியது. அம்மா டார்ச் பிடித்தாள். பிறகு மாப்பிள்ளை திரையின் ஒயரை எடுத்துப் பின்னால் மாட்டப் போனான்.

மாட்டினான். திருப்பினான். மறுபடி மாட்டப் பார்த்தான்.

அவன் கையில் இருந்தது ஊசி ஊசியாய் நிறையக் கம்பி நீட்டிய நீல நிற முனை. பழைய திரைகளில் இருக்குமே, இரண்டு பக்கமும் திருகு வைத்தது, அது. பழைய கார்டில் அதற்கு நீலத் துளை இருந்தது. புதியதில் நீலத் துளையே இல்லை. அந்த வழக்கம் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நடுவில் வைக்க ஒரு மாற்றி கிடைக்கும், சின்னப் பொருள்தான். ஆனால் ஷட்டர் இறங்கிவிட்டது.

"உள்ளே இருக்கற எல்லாத்தையும் அளந்தேன்" என்றான் மாப்பிள்ளை. வியர்த்திருந்தது. "பின்னாடி பார்க்கலை. அந்தப் பொண்ணு கேட்டுச்சு... நான்தான்..."

"இஞ்சின் மாத்தினீங்க, கப்ளிங் பார்க்கலையா மாப்பிள்ளை?"

எல்லோரும் திரும்பினார்கள். டிரைவர் அறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"புது இஞ்சினை ஷெட்லேர்ந்து கொண்டாந்து நிறுத்தி, பெட்டியில கோக்கப் போறப்பதான் கொக்கி வேற மாடல்னு தெரியும். எங்க ஷெட்லயும் ஒருத்தன் இருந்தான்." டிரைவர் சிரித்துக்கொண்டிருந்தார். இது காலையில் சிரித்த சிரிப்பு இல்லை. "அவனும் உங்களை மாதிரிதான் முழிச்சான்."

நாலாவது வார்த்தை வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அப்புறம் என்ன மாமா பண்ணுனீங்க?"

"வேற பெட்டி இருக்கான்னு பார்த்தோம்."

எல்லோருடைய கண்களும் ஒரே திசையில் போயின. கூடத்துச் சுவரில் அம்மாவின் டி.வி. போன வருடம் வாங்கியது. பின்னால் புதுவகைத் துளை, அதில் செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் புதுவகை ஒயர்.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றாள் அம்மா. "இப்ப என் சீரியல் நேரம். இன்னைக்குத்தான் அந்தப் பெரிய மருமகளோட உண்மை வெளிய வரப் போகுது."

அம்மா டார்ச்சை அணைத்தாள். முந்தானையால் டி.வி.யின் தூசியைத் துடைத்தாள்.

"அவ உண்மை நாளைக்கு வந்தாப் போதும். தூக்குங்க."

பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கினார்கள். மேஜை வந்தது, லீவர் வந்தது, டிரைவரின் நாற்காலி வந்தது. டி.வி. படத்தை அழகாக்குகிறேன் பேர்வழி என்று கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும் என்பதால், மகள் ரிமோட்டைத் தட்டி அந்த அழகுவேலைகளை எல்லாம் நிறுத்தினாள். டிரைவர் உள்ளே போய், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பெல்ட்டோடு வந்தார். அதைப் பார்த்ததும் அம்மா சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் டிரைவரின் இடது கை லீவரைத் தேடியது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டன. மெல்ல ஒரு பிடி. வேகம் தணிந்தது. விட்டார்.

"பிடிக்குது" என்றார். யாருக்கோ அறிக்கை கொடுப்பதுபோல்.

சின்ன ஸ்டேஷன். ஆணி அடித்தது மாதிரி நின்றது. அதில் ஆச்சரியம் இல்லை. எல்லோரும் காத்திருந்தது அடுத்ததற்கு.

"மஞ்சள்!" என்றாள் அம்மா. டியூட்டியில் பக்கத்தில் இருக்கும் அசிஸ்டென்ட் சிக்னலின் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். டிரைவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இத்தனை வருடக் கதை கேட்டதில் அவளுக்கு அது பாடம்.

"மஞ்சள்" என்றார் டிரைவர்.

ஜங்ஷன் வந்தது. மழை. ஈரத் தரையில் விளக்குகள் நீண்டு கிடந்தன. ஒரு பெண் குடையோடு பிளாட்பாரத்தில் நடந்து வந்தாள். ஒவ்வொரு அடியாக, விளிம்பை விட்டு விலகி, குடையைச் சாய்த்து. எதுவும் உறையவில்லை. எதுவும் தாவவில்லை.

டிரைவரின் கை லீவரிலேயே இருந்தது, ஆனால் பிடிக்கவில்லை. அவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி பலகையைத் தாண்டி, ஒரு பெட்டி தூரம் போய் நின்றது.

மகள் முந்திக்கொண்டாள். "அப்பா, டி.வி.ல பார்க்கறது பழகலை, அதான்..."

"அந்தப் பொண்ணு நடக்கறா" என்றார் டிரைவர்.

"எந்தப் பொண்ணு?"

"குடைக்காரி. அன்னைக்கெல்லாம் இவ நடக்கவே மாட்டா. இங்க நிப்பா. கண்ணை மூடித் திறக்கல, ஆனா அடுத்த நிமிஷம் அங்க இருப்பா. நடுவுல நடந்தது எனக்குத் தெரியாது." அவர் லீவரிலிருந்து கையை எடுத்தார். "எனக்குத்தான் நடுவுல நடுவுல நினைவு தப்புதுன்னு நெனச்சேன். மூளையில மறுபடி அடைப்பு வருதுன்னு. தெருவுல நடக்கறப்ப தப்பினா? அடுப்புக்கிட்ட நிக்கறப்ப தப்பினா? அதான் மூடி வெச்சேன்."

"ஏன் சொல்லல?" என்றாள் அம்மா.

"சொன்னா நீ தூங்கமாட்டே."

"இப்ப மட்டும் தூங்கினேனாக்கும்!"

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். மகள் முழங்காலிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட இதைச் சொல்லிடணும்ப்பா. கம்ப்யூட்டர்தான் காரணம்னாலும் சொல்லிடணும். வருவீங்கதானே?"

"வர்றேன். பந்தை எங்க வெச்சேன்னு பாரு, அதையும் கொண்டுபோவோம்." டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "கூடம் கோணல்தான், ஒத்துக்கறேன். ஆனா இப்ப நேரா இருக்கு. இப்ப தாண்டினது யாரு?"

அவரே மார்பில் தட்டிக்கொண்டார்.

"நான்தான்! வேடிக்கை பார்த்துட்டு லேட்டாப் பிடிச்சேன். கை தயாரா இருந்துச்சு, நான்தான் அதுக்குச் சொல்லல." தன் தப்பு என்று சொல்வதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்க முடியுமா என்று மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான். "மாப்பிள்ளை, வண்டியைப் பின்னாடியே கொண்டுபோய் விடுங்க. மறுபடி வர்றேன்."

இரண்டாவது முறை முந்திக்கொண்டு பிடித்துவிட்டார். வண்டி பலகைக்கு முன்பே நின்றது.

"இங்க இறங்கலாமா, கூடாதா?" என்றாள் அம்மா.

"முன்னாடி இருக்கறவங்க இறங்கலாம். கடைசிப் பெட்டிக்காரங்க குதிக்கணும்."

"நான் கடைசிப் பெட்டி. என்னால குதிக்க முடியாது. சரியா ஓட்டுங்க."

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அலமாரி மேல் குப்புறக் கிடந்த போன் அதிர்ந்தது. தினமும் இந்த நேரத்துக்கு அதிரும். கூப்பிடுவது பச்சைதான். நிறையக் காலம் டிரைவரோடு அசிஸ்டென்டாக இருந்தவர், "பச்சை!" என்று சிக்னலைப் பார்த்து அவர் கத்திய கத்தலில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. கை இப்படி இருப்பதை அவர் பார்க்க வேண்டாம் என்று டிரைவர் சொன்னதால், "வெளியூர் போயிருக்காரு" என்று அம்மா பொய் சொல்லிச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

வழக்கம்போல் அவள் எழுந்தாள். அதற்குள் டிரைவர் கையை நீட்டிவிட்டார். இடது கையை. அது கொஞ்சம் தடுமாறியது, போனைத் தொட்டது, தூக்கியது. காதுவரை கொண்டுபோக நேரம் பிடித்தது. யாரும் உதவிக்கு நகரவில்லை.

"சொல்லுடா."

மறுமுனையில், அறை முழுக்கக் கேட்கும் அந்தக் குரல்: "டேய்! ஊர்லேர்ந்து எப்படா வந்தே?"

டிரைவர் திரையைப் பார்த்தார். குடைக்காரி நின்று, ஏற இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"இப்பதான்டா" என்றார். "இப்பதான் வண்டி வந்து நின்னுச்சு."

"அப்ப நாளைக்கு வர்றேன். ஆனா தனியா வரல. கூட ஒருத்தங்க வர்றாங்க."

"யாருடா?"

"பயப்படாதே. அவங்களே உன்னைத் தேடிக்கிட்டு இருக்காங்க, ரொம்ப நாளா."

போன் வைக்கப்பட்டது. டிரைவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா மகளைப் பார்த்தாள்.

(தொடரும்)